சில்லையின் அலகில் ஒட்டியிருந்த இறகு

நியெலேவுக்கு,

இங்கே கம்பு அறுப்பு முடியப் போகிறது, உன் அம்மாவும் நானும் நலம், அபிஜானில் உன் வீட்டிலும் அமைதி என்றே நம்பி எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை. உன் பெரியப்பா ஸான் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஃபோனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் இதை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வருடம் கதிர் தின்னும் படைக்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கம்பில் விழுந்தன. ஆற்றோர முள்மரங்களில் அவை அடையும் நேரத்தில் விமானம் வந்து மருந்து அடித்தது. செத்து விழுவதைப் பொறுக்கித் தின்னக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள், ஊரில் வாத்தியார் நான்தானே. இருபத்திரண்டு வீட்டில் இருபத்தொரு வீட்டுக்குச் சொன்னேன். தாத்தாவைப் புதைத்த அன்றே பள்ளக்காட்டை வளைத்துக்கொண்டு, படிச்சவனுக்கு எதுக்குடா நிலம், சாக்பீஸை விதைச்சுக்கோ என்று ஊர் சிரிக்கச் சொன்ன உன் பெரியப்பா வாசலை ஏழு வருடமாக நான் மிதிப்பதில்லை. அண்ணன் வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா என்று எதிர்வீட்டு பாகோ கேட்டான். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு மேலாகப் பார்த்தால் பெரியப்பா வீட்டு உரலடியில் ஒரு சிவப்புச் சில்லை செத்துக் கிடந்தது, ஆண். சின்ன வயதில் நீ எண்ணிக்கொண்டிருப்பாயே, அதே சுவர்ப்பொந்துக் குடும்பம். சில்லை ஆற்றோரம் போகாது. பெண்கள் குத்தும்போது சிந்தும் கம்பைத் தின்று முற்றத்துக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கும். அப்படியானால் விஷம் முற்றத்துக்குள் வந்திருக்கிறது. பெட்டையை மயக்க ஆண் சில்லை ஓர் இறகைக் கவ்விக்கொண்டு குதித்து ஆடும், கூட்டுக்குள்ளும் இறகைத்தான் மெத்தையாக வைக்கும். இதன் அலகில் ஒட்டியிருந்தது படைக்குருவி இறகு. அந்த வீட்டில் குருவி உரித்திருக்கிறார்கள்.

இந்த வயதில் சுவரேறிக் குதித்தேன். முந்தின இரவு அவர் மட்டும்தான் தின்றிருக்கிறார், உன் பெரியம்மா பறவைக்கறி தொடமாட்டாளே. வாயில் நுரை, கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. பாகோவின் கழுதை வண்டியில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏழு வருஷம் கழிச்சு வந்தே, அதுவும் திருடன் மாதிரி சுவரேறி வந்தியேடா, நீ பாக்கலேன்னா நான் போயிருப்பேன் என்றார். பாகோ திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு குருவியைப் பார்த்து அண்ணன் உயிரைக் காப்பாற்றினார் வாத்தியார் என்று ஊர் மெச்சுகிறது. பிழைப்பார் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

பள்ளக்காட்டை நான் மன்னிக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது வேறு, இது வேறு. துணையை இழந்த பெட்டை இப்போது நம் உரலடிக்கு வந்து மேய்கிறது, உன் அம்மா விரட்டுவதில்லை.

வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன் பாதையில் முள் இல்லாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வெள்ளிக்கிழமை நான் அவர் தலைமாட்டில் இருப்பேன், ஃபோன் செய். அவரால் பேச முடிந்தால், அந்த இருபத்திரண்டாவது வீட்டைப் பற்றி அப்பா உங்களிடம் சொன்னாரா என்று கேள். இல்லை என்றால் ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, நான் அவரிடம் சொல்லி முடிக்கும்வரை வைக்காதே.

உன் அப்பா,
தியெமோகோ