இடைவேளைப் பிறந்தநாள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எங்கள் கால்பந்து கிளப்பை விற்றாயிற்று. வாங்கியது ஓர் ஆள் இல்லை, கம்பெனியும் இல்லை, ஒரு நாடு. கொடி, பட்டாளம், தபால்தலை எல்லாம் உள்ள முழு நாடு, போயும் போயும் எங்கள் ஓட்டைக் கிளப்பை வாங்கியிருக்கிறது! அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே போன்.

"இனிமே கூரை ஒழுகாது, பாத்துக்கோ. கழிப்பறைக்குக் கதவு வரும்."

"கோல் வருமா?"

"அதுவும் வரும். காசு இருந்தா எல்லாம் வரும்."

எனக்கும் சந்தோஷம்தான். பதினோரு வருடமாக அந்த ஒழுகுகிற கூரைக்குக் கீழே உட்கார்ந்து மைக்கில் ஆட்டத்தை அறிவிக்கிறேன். வார நாட்களில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். "பிரேக், பிரேக்" என்று கத்தியே தேய்ந்த தொண்டைக்கு சனிக்கிழமை மட்டும்தான் மரியாதை. வீட்டுக்காரருக்குக் கால்பந்து என்றாலே கொட்டாவி. "மைக்ல நீ எவ்ளோ பேசினாலும் வீட்ல பேசறதுல பாதிதான்" என்பார்.

ஆகஸ்ட் 9, சனி

புது முதலாளியின் முதல் ஆட்டம். எங்கும் புது பெயிண்ட் வாசனை. என் அறைக்கு சுழல் நாற்காலி வந்திருக்கிறது. யாரும் இல்லாதபோது இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். கேட்டால் இல்லை என்பேன்.

இடைவேளை வாழ்த்து வழக்கம்போல. வாசல் பெட்டியில் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். இன்று பிறந்தநாள் என்று நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, கிழக்கு கேலரி மொத்தமும் "நம்ம ஆளு!" என்று கத்தும். எதிரணி ரசிகன் என்றாலும் கத்தும். ஒருமுறை எவனோ தன் நாயின் பெயரை எழுதிப் போட்டான். அதற்கும் கத்தினார்கள், நாயும் பதிலுக்குக் குரைத்தது என்று அண்ணன் சத்தியம் செய்கிறான்.

இரண்டு கோல் அடித்து ஜெயித்தோம். மழை வேறு பெய்தது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

புது மாணவி. பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரிவர்ஸ் அருமையாக எடுக்கிறாள், ஸ்டியரிங் பதறுவதில்லை, ஆனால் ரவுண்டானாவுக்குள் போனால் வெளியே வர மாட்டேன் என்கிறாள். மனசுக்குள் ரவுண்டானா என்றே பெயர் வைத்துவிட்டேன்.

இன்று அவள் பயத்தைப் போக்கலாம் என்று கிளப் கதையை அளந்துகொண்டிருந்தேன். கூரை, நாற்காலி, கழிப்பறைக் கதவு. வாங்கிய நாட்டின் பெயரைச் சொன்ன இடத்தில் திரும்ப வேண்டிய வழியை விட்டுவிட்டாள். இன்னொரு சுற்று. மறுபடி இன்னொரு சுற்று. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கச்சேரியே நடத்தினான்.

நாலாவது சுற்றில் சொன்னாள்: "அது எங்க ஊரு, அக்கா."

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாமோ?

அவளுடைய தம்பி அங்கே ஜெயிலில் இருக்கிறான். மூன்று வருடமாகிறது. புதிதாகக் கட்டிய விளையாட்டு மைதானத்தில் எத்தனை கூலியாட்கள் விழுந்து செத்தார்கள் என்று போனில் எல்லாரும் பார்க்க எழுதிக் கேட்டானாம். கேள்விதான், அதற்குமேல் ஒன்றுமில்லை. இன்றுவரை வீட்டோடு ஒரு தடவைகூட அவனைப் போனில் பேச விட்டதில்லை.

"அவனுக்கும் புட்பால் பைத்தியம். அதுவும் உங்க டீம்தான். இங்க நீங்க மத்தியானம் ஆடினா அங்க நடுராத்திரி. அலாரம் வெச்சு எழுந்து பாப்பான்."

எங்கள் டீமையா? நாங்களே பாதி ஆட்டம் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்போமே!

சிரித்தாள். நானும். அப்புறம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. வாய் சும்மா இருக்கவில்லை, ரவுண்டானாவின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"முன்னாடி இருந்த முதலாளி மட்டும் யோக்கியமா? குடிசைய இடிச்சு அடுக்குமாடி கட்டின ஆளு. அப்ப நீ மைக்க கீழ வெச்சியா?"

வைக்கவில்லை.

"உன் காருக்குப் போடற பெட்ரோல், நான் ஓட்டற பஸ்ஸுக்குப் போடற டீசல், எல்லாம் அங்கேர்ந்துதான் வருது. வண்டிய நிறுத்திட்டு நடந்து போறியா?"

"பெட்ரோல் போட்டுட்டு யாரும் கைதட்றதில்லையே. இங்க அவங்க வாங்கறது நம்ம கைதட்டலை."

"கூரை ஒழுகினப்ப எவன் வந்தான்? இவங்கதானே வந்தாங்க?"

அண்ணி குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் சாப்பிட்டு முடிச்சிட்டு அடிச்சிக்கோங்க."

முதலாளி தப்பு செய்தால் போலீசில் சொல்லலாம், போலீசே முதலாளி என்றால்? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். எனக்கு நல்ல பதில் எல்லாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றும். அண்ணன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்பதை எழுதி வைக்கிறேன். சனிக்கிழமை வந்தால் கால் தானாக மைதானத்துக்குத்தான் போகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரவுண்டானா கேட்டேவிட்டாள். செப்டம்பர் பதிமூன்று அவள் தம்பிக்குப் பிறந்தநாள். அன்று எங்களுக்கு உள்ளூரில் ஆட்டம். இடைவேளையில் அவன் பெயரை வாசிக்க முடியுமா?

"அவனுக்கு ஆபத்து வராதா?"

"வெளில யாரும் பேசாம இருந்தாதான் ஆபத்து, அக்கா. உள்ள இருக்கறவன மறந்துட்டாங்கன்னு தெரிஞ்சா என்ன வேணா பண்ணுவாங்க. எங்க வக்கீலும் அதான் சொன்னாரு."

நாய்க்கே வாழ்த்து சொன்னவள் நான். இதற்கென்ன, சீட்டு எழுதிப் போடு என்றேன். பெயரை இங்கே எழுதவில்லை. என் கையெழுத்து எங்கே போய் எப்படிச் சுற்றும் என்று யாருக்குத் தெரியும்.

செப்டம்பர் 4, வியாழன்

இனிமேல் பிறந்தநாள் பெயர்களை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டுமாம். புது மேலாளரின் உத்தரவு. இந்த வெயிலிலும் டை கட்டி வருகிறார், அதனால் என் வரையில் அவர் டைக்காரர். தங்கமான பேச்சு. வந்தவுடன் தண்ணீர் கொடுத்தார், தொண்டை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார், ஒரே ஒரு பெயரை அடித்தார்.

"இது வேணாம் மேடம். இது அரசியல்."

"பிறந்தநாள் சார். எல்லாருக்கும் வரது."

"அன்னைக்கு அவங்க அமைச்சர் வராரு. உங்களுக்குப் புரியும்னு நினைக்கறேன்."

புரிந்தது. அதுதான் பிரச்சினை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரவுண்டானாவிடம் சொன்னேன். "பரவால்லக்கா" என்றாள். கண்ணாடியைச் சரிசெய்தாள், சிக்னல் போட்டாள், எல்லாம் முறையாக. பரவாயில்லை என்று சொல்லிப் பழகிப்போனவளின் முகம் அது. என்னால் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வாசித்தால் மைக் போகும். அந்த மைக் இல்லாவிட்டால் நான் யார்? கிளச்சை விடு என்று கத்துகிற ஒரு பொம்பளை. இல்லை, அதுவும் நல்ல வேலைதான். ஆனாலும்.

வாசிக்காவிட்டால்?

செப்டம்பர் 13, சனி

செய்துவிட்டேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

அமைச்சர் நடு வரிசையில், எங்கள் கிளப் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. இடைவேளையில் டைக்காரர் ஒப்புக்கொண்ட பெயர்களை வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் "நம்ம ஆளு!" கடைசிப் பெயர் முடிந்தது. மைக்கை அணைக்க வேண்டும். கை போகவில்லை.

"இன்னும் ஒருவர். இன்று இங்கே இருக்க அவ்வளவு ஆசைப்பட்டும் வர முடியாத ஒருவர். அவருக்கும் இன்று பிறந்தநாள்."

அவ்வளவுதான் சொன்னேன். பெயர் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. என் தைரியத்தின் அளவு தெரிந்துபோயிற்று.

ஆனால் கேலரி யாரென்று கேட்கவில்லை. "நம்ம ஆளு!" என்று கத்தியது பாருங்கள், இன்றைக்கு வந்த சத்தங்களிலேயே பெரியது அதுதான். அமைச்சரும் எழுந்து சிரித்தபடி கைதட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, இரண்டாவது பாதியில் மாற்று ஆட்டக்காரரின் எண்ணைத் தப்பாக அறிவித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூத்து! "வர முடியாத ஒருவர்" என்றால் கால் உடைந்து வீட்டில் இருக்கும் எங்கள் கோல்கீப்பர் என்று ஊரே நினைத்துக்கொண்டது. அவன் வீட்டு வாசலில் கேக் பெட்டிகள் குவிகின்றனவாம். அவனுக்குப் பிறந்தநாள் ஜனவரியில். "எனக்கு இல்லப்பா, ஆனா கேக் நல்லா இருக்கு" என்று போனில் வீடியோ போட்டிருக்கிறான். கீழே எல்லாரும் ஒரே கேள்வி: அப்ப யாரு?

செப்டம்பர் 16, செவ்வாய்

டைக்காரர் கூப்பிட்டார். மறுபடி தண்ணீர்.

"கோல்கீப்பர் தேதிய தப்பா நினைச்சிட்டீங்க, மேடம். அப்படித்தானே? ஒரு வரி அறிக்கை போட்டுடலாம்."

நான் தப்பிக்கக் கதவை அவரே திறந்து வைத்துக் காத்திருந்தார். பாவம், நல்ல மனுஷன்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமை சுழல் நாற்காலி. கேக் தின்கிற கோல்கீப்பரை நினைத்துக்கொண்டேன். அப்புறம் "பரவால்லக்கா"வை.

"இல்ல சார், தப்பா நினைக்கல" என்று சொல்லி, அவர் அடித்த பெயரை அவருக்கே வாசித்தேன். மைக் இல்லாமல்.

என் தொண்டைக்கு இந்த சீசன் முழுக்க ஓய்வு கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, சனி

சும்மா உட்கார முடியல. மூணு மணிக்கு எழுந்து நின்னேன், எங்க போறதுன்னு தெரியல. ஜன்னலத் துடைச்சேன். அண்ணன் போனே பண்ணல. கோப்பை ஜெயிக்கப்போற வருஷத்துல பேரைக் கெடுத்துட்டேனாம், அண்ணிகிட்ட சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்லேன்டா! பதினோரு வருஷம். எனக்கு அந்த சனியன் பிடிச்ச மைதானம் வேணும்.

வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. அரை மணி நேரம் விளக்கினேன். ஒன்றும் புரியவில்லை அவருக்கு. ஆனாலும் கேட்டாரே.

செப்டம்பர் 28, ஞாயிறு

அண்ணன் வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"நேத்து ஜெயிச்சோம்."

"தெரியும்."

"இடைவேளைல இப்ப பேரெல்லாம் கிடையாது. பதிவு பண்ண குரல்ல பொதுவா ஒரு வாழ்த்து. உப்புச்சப்பே இல்ல."

"ம்."

"அது முடிஞ்சதும் எங்க வரிசைல யாரோ 'நம்ம ஆளு'ன்னு கத்தினாங்க. அப்புறம் சுத்தி நாலஞ்சு பேரு."

"யாரோவா?"

"யாரோதான்." தொண்டை கட்டியிருந்தது அவனுக்கு.

அக்டோபர் 11, சனி

காலையில் ரவுண்டானாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஒரே சுற்றில் வெளியே வந்துவிட்டாள். இனிமேல் வேறு பெயர் யோசிக்க வேண்டும்.

பாஸான சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. நேற்று அங்கேயிருந்து போன் வந்திருக்கிறது. மூன்று வருடத்தில் முதல் தடவை. பக்கத்தில் காவலாளி நிற்க, இரண்டு நிமிடம். பிறந்தநாள் சங்கதி எப்படியோ உள்ளே அவன் காதுவரை போய்விட்டதாம். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பேச விட்டார்களா, தெரியவில்லை. மறுபடி விடுவார்களா, அதுவும் தெரியவில்லை.

"என்ன பேசினான்?"

"அம்மாவ விசாரிச்சான். அப்புறம், அன்னைக்கு மேட்ச்ல நாம ஜெயிச்சோமான்னு கேட்டான். எனக்குத் தெரியலக்கா. அதுக்குள்ள லைன் போயிடுச்சு."

எனக்கும் நினைவில்லை. அன்றைய கோல்களை நானேதான் அறிவித்தேன், ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். மைதானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"தோத்தோம். ஒண்ணுக்கு மூணு. ஏன்?"

சொன்னேன்.

"'நாம'ன்னா கேட்டான்?"

"ஆமா. 'நாம'ன்னுதான்."

"அந்த ரெண்டு நிமிஷத்துலயா?"

"ஆமா."

அண்ணன் மெல்ல, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னான்: "நம்ம ஆளு."