கேபிள் எட்டாத ஆழம்

நீ போன முப்பத்தோராம் நாள், உன்னுடைய அந்தியேட்டிச் சாப்பாடு ஹேர்னிங்கில், எங்கள் சனம் எல்லாக் கொண்டாட்டத்துக்கும் எடுக்கிற அதே மண்டபத்தில் நடந்தது. எனக்கு எதிரே உன் ஒன்றுவிட்ட அண்ணை இருந்தார். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டபடியே, "பாவம், கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளை. இங்க வந்து ஒரு நிலைக்கும் வராமலே போயிட்டுது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டுப் பைக்குள் கையை விட்டு அந்தப் பித்தளைக் கட்டியை இறுக்கிப் பிடித்தேன். அதை ஏன் அன்றைக்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்காதே. உன்னிடம் வெறுங்கையோடு வர மனம் வரவில்லை.

உனக்கு அது நினைவிருக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருளை, நடுவில் கயிறு ஓடுவதற்கு ஒரு துளை. ஏரியின் ஆழத்துத் தண்ணீரை எடுக்க, இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாயைக் கயிற்றில் இறக்குவோம். வேண்டிய ஆழம் வந்ததும் இந்தக் கட்டியைக் கயிற்றோடு கீழே விடுவோம். அது போய் இடித்ததும் குழாயின் இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். முதல் நாள் நான் இதற்குக் குண்டு என்று பெயர் வைக்கப் போனேன். "வேண்டாமடி, அந்தச் சொல்லைக் கேட்டுத்தானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்" என்றாய். பிறகு அது வெறும் கட்டியாகவே இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது, நாங்கள் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த புதிது. சில்க்போர்க்கில் டேனிஷ் வகுப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஊரில் நீ இரசாயனவியல், நான் விலங்கியல். அதனால் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வுக்கூடத்தில் எங்களைப் பிராக்டிக் என்கிற பயிற்சி வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே எல்லோரும் மெதுவாகக் கதைத்தார்கள், அடிக்கடி கோப்பி குடித்தார்கள், எங்கள் பெயர்களைக் கொலை செய்தார்கள். நீ ஒவ்வொரு முறையும் திருத்தினாய். நான் மூன்றாம் நாளே விட்டுவிட்டேன்.

கயிற்றை நீ ஒருநாள் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்தாய். நனைந்த கயிற்றின் நீளம் வேறு என்றாய். பிறகுதான் அளந்து, மீற்றருக்கு ஒன்றாகச் சிவப்புத் துணித்துண்டு கட்டினாய். பழைய சட்டை ஒன்றைக் கிழித்த துண்டுகள். எங்கள் பொறுப்பாளர் அதைப் பார்த்து, கயிற்றுக்குக் கல்யாணமா என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அந்த ஆண்டுதான் அவருக்கு ஒக்சிசன் அளக்கிற புது மீற்றர் வந்திருந்தது. கேபிளின் நுனியில் உள்ளதைத் தண்ணீருக்குள் விட்டால் போதும், பெட்டியில் முள் ஆடும். புதுக் கார் வாங்கியவர் மாதிரி அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார்.

எங்கள் முறை பழையது. கொண்டுவந்த தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் குமிழி புகாமல் நிரப்பி, படகிலேயே இரண்டு மருந்து விடுவோம். தண்ணீரில் ஒக்சிசன் இருந்தால் பழுப்பாகத் திரளும். இல்லாவிட்டால் வெள்ளை. அந்தக் கோடையின் முடிவில், ஏரியின் அடியில் எடுத்த போத்தல்கள் எல்லாம் வெள்ளையாகவே வந்தன. மீற்றரோ அடியில் ஒக்சிசன் இருக்கிறது என்றது.

அது சின்ன விஷயம் இல்லை. ஏரிக்குள் விழுகிற ஓடையின் மேற்பக்கத்தில் மீன் வளர்ப்பவர்கள் கழிவை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரி அடியில் செத்துக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று அறிக்கை சொல்லவேண்டும். ஒக்டோபரில் மீன்காரர்களின் ஆட்களும் வந்திருந்த கூட்டத்தில், அடியில் ஒக்சிசன் இல்லை என்ற உன் எண்களைப் பொறுப்பாளர் பென்சிலால் வெட்டினார். புதியவர்கள், போத்தல் நிரப்புவதில் பிழை விட்டிருப்பார்கள் என்று நயமாகச் சொன்னார். நான் மேசையைப் பார்த்தேன். நீ எழும்பினாய்.

அப்போது உன் டேனிஷ் நொண்டி நொண்டித்தான் நடக்கும். அந்த டேனிஷிலேயே சொன்னாய்: பிழை விட்டால் காற்றுப் புகும், காற்றுப் புகுந்தால் பழுப்பு வரும், வெள்ளையைப் பிழையாலே உண்டாக்க முடியாது. நீ வெளியே போய்க் களஞ்சிய அறையிலிருந்து கேபிளையும் கயிற்றையும் தூக்கிவந்து, நடைபாதை நெடுக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாய். கோப்பிக் கோப்பைகளோடு எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். கேபிள் முடிந்த இடத்துக்கு அப்பாலும் கயிறு போனது, சிவப்புத் துணிகளோடு. அடியில் பட்ட சேறு கடைசித் துணியில் காய்ந்து ஒட்டியிருந்தது. வரைபடத்தில் இருந்த ஆழத்துக்குக் கேபிள் எட்டும். ஆனால் நாங்கள் நங்கூரம் போட்ட குழி வரைபடத்தில் இல்லை. மீற்றர் அடியை அளக்கவே இல்லை. பாதி வழியில் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

பொறுப்பாளர் காது சிவந்து நின்றார். நாளைக்குத் தானே வருவதாகச் சொன்னார். அடுத்தநாள் காலை படகில், "நீங்களே விடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, கட்டியை அவர் கையில் கொடுத்தாய். அவர் கையுறையோடு விட்டார். மூடிவிட்டதா என்று உன்னிடம் கேட்டார். உன் கையுறையைக் கழற்றிக் காட்டினாய். அடியில் கட்டி இடிக்கிற அந்தச் சின்ன அதிர்வு கயிறு வழியாக வெறும் விரலுக்கு மட்டும்தான் வரும். அவரும் கழற்றி, குழாயை மேலே எடுத்துத் திறந்து மறுபடி இறக்கி, கட்டியை விட்டார். இந்த முறை அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. போத்தல் வெள்ளையாகத் திரண்டது. அறிக்கையில் உன் எண்கள் திரும்ப ஏறின.

ஆனால் உன் பிராக்டிக்கை நீட்டவில்லை. கூட்டாக வேலை செய்யத் தெரியவில்லையாம். என்னை வைத்துக்கொண்டார்கள். அந்த அநியாயம் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. பஸ் தரிப்பில் நின்று, ஒருக்கால் மன்னிப்புக் கேட்டுப் பாரன், வைச்சிருப்பினம் என்று உன்னிடம் சொன்னேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, சிரிப்புத்தான்.

"எதுக்கடி மன்னிப்பு? ஏரி செய்ததுக்கோ?"

பிறகு நீ ஹேர்னிங்கில் துணித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றாய். அதற்குப் பிறகு முதியோர் இல்லத்தில். அங்கேயும் கிழவர்களைக் கொதிதண்ணீரில் குளிப்பாட்டுகிறார்கள் என்று மேலாளரோடு சண்டை பிடித்து, குளியலறைச் சுவரில் வெப்பமானி கொழுவ வைத்தாய். ஃபோனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். இதையா பாவம் என்கிறார்கள்? உன் ஆய்வுக்கூடம் போனது, உன் வாய் போகவில்லை. நான் அந்தக் கட்டிடத்திலேயே பென்சன் வரை இருந்தேன். பழைய சாமான்களைக் கழித்து வீசின நாளில் இந்தக் கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்குத் தரவேண்டும் என்று வைத்திருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது.

மண்டபத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. கட்டியை எடுத்து உன் அண்ணையின் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது மேசையில் இடித்த சத்தத்தில் நாலு பேர் திரும்பினார்கள். இது என்ன என்று அவர் கேட்டார்.

"உங்கட தங்கச்சின்ர சாமான் அண்ணை. அவவை இனிப் பாவம் எண்டு சொல்லாதேங்கோ. என்ர காது கேக்க ஒருத்தரும் சொல்லக்கூடாது."

அந்த ஒக்டோபர்க் கூட்டத்தில் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இந்த முறை எழும்பித்தான் நின்றேன். பாயாசம் ஆறும்வரை உன் கதையைச் சொன்னேன், கயிற்றைவிடக் கேபிள் எவ்வளவு கட்டை என்பதைக் கையை விரித்துக் காட்டிச் சொன்னேன். அண்ணை சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டியை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். இனி யாராவது உன்னைப் பாவம் என்றால் மேசையில் வைக்க அது வேண்டும்.