மூன்றாம் பதிப்பு வெளியாகும் முன்

ஆனையூர், மதுரை
நவம்பர் 28

அன்புள்ள ஸ்டீவ் அண்ணனுக்கு,

ஆன்சி எழுதுவது. நாங்கள் ஓரளவு நலம். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் இந்த நீண்ட மின்னஞ்சல்.

அப்பாவின் கண் ஆபரேஷனை இப்போது டிசம்பர் பதினெட்டுக்கு மாற்றியிருக்கிறோம். பொங்கல், ஈஸ்டர், ஆகஸ்ட் என்று உங்கள் குழு உருவாக்கும் கணினி நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பும், அது முடிந்து நீ ஊருக்கு வருவதும் தள்ளிப்போகும்போதெல்லாம் அப்பாவும் தேதியைத் தள்ளினார். "கட்டு அவுக்கும்போது மகன் மூஞ்சியத்தான் பாப்பேன்" என்கிறார். நேற்று சிம்மக்கல்லில் பஸ் நம்பர் தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, சமயநல்லூர் வரை போய்விட்டார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துக்கொண்டார்.

பழைய நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவியை அனுப்பி, அம்மா வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் ஓட்டிப் பார்த்து "சரி" என்று ஒரு வரி எழுதச் சொன்னாய். நீ அம்மாவுக்காக எழுதித் தந்த சான்றிதழ் அச்சிடும் நிரலை அதில் போட்டேன். ஒரு பிழையும் காட்டவில்லை. அச்சும் அழகாக வந்தது.

அன்றைக்கே நல்லகாமன் என்கிற பழைய மாணவர் மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டு வந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "அக்கா, பொண்ணு பாக்குற நேரத்துல என்னைய ஒரு மாசம் மூப்பாக்கிட்டீங்களே" என்றார். ஜூன் ஐந்து, மே ஆறாக மாறியிருந்தது. தேதியில் முதலில் வரும் நாள் எண்ணை உன் கருவி மாதமாக எடுத்துக்கொள்கிறது. அது பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண்ணாக இருந்தால் மட்டும் சரியாகப் படிக்கிறது. நீ சோதனைக்கு வைத்திருந்தவை நம் வீட்டுப் பிறந்தநாட்கள்தானே? உன்னுடையது இருபத்தொன்று, என்னுடையது இருபத்தாறு, அம்மா அப்பாவுடையதும் மாதக் கடைசி. எப்படித் தெரிந்திருக்கும்?

இந்தப் பள்ளியில் பிறந்த தேதி தெரியாமல் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அப்போதைய தலைமையாசிரியர் ஜூன் ஒன்று, ஜூன் ஐந்து என்றே எழுதியிருக்கிறார். பதிவேட்டை வைத்துச் சரிபார்த்தேன். முதல் இருநூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேருக்குத் தேதி தப்பு.

தப்பான தேதிகளை அம்மாவிடம் காட்டினேன். வரிவரியாகப் பார்த்தார். பிறகு, "இப்ப அவங்கிட்ட சொல்லாத பாப்பா. அவன் வந்துட்டுப் போகட்டும். அம்புட்டையும் நான் கையாலயே திருத்திக்கிறேன்" என்றார். எதையாவது மறைக்கும்படி அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை.

உங்கள் குழுவின் விவாதங்களை எல்லாம் படித்தேன். முதலில் வெளியிடுவோம், குறைகளைச் சிறு பதிப்புகளில் திருத்துவோம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். எனக்கும் அவர்கள் பக்கம் சேரத்தான் ஆசை. நிரல் ஓடாமல் நின்றுவிட்டால் யாராவது உங்களைத் திட்டுவார்கள், நீங்களும் திருத்திவிடுவீர்கள். இதுவோ நிற்காமல் ஓடுகிறது. தப்பான தேதியோடு முத்திரை குத்திய காகிதம் வீட்டுக்குப் போய்விட்டால் யார் தேடிப்பிடிப்பது? நல்லகாமன் படித்துப் பார்த்தார். எல்லாரும் படிப்பார்களா?

அதனால் "சரி" என்று என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் குறித்திருக்கும் டிசம்பர் பத்தாம் தேதி வெளியிட வேண்டாம் அண்ணே. தப்பான தேதிகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.

இரண்டு நாளாக இதை எழுதி எழுதி அழித்தேன். படிப்பும் ஓடவில்லை. இதைச் சரிசெய்ய எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டுக்குள் முடியாது என்றால் அம்மாவிடம் நீயே போனில் சொல்லிவிடு. இந்த முறை அதை என்னால் சொல்ல முடியாது.

வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. மாதா உன்னையும் உன் வேலையையும் காக்கட்டும்.

உன் தங்கை,
ஆன்சி