மூன்றாம் நடைமேடையில் ஓர் அறிவிப்பு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்தத் தூர தேசத்தில் நீயும் உன் ஊழியக் கூட்டாளி நெட்டையும் நலமாக இருக்க வேண்டும். இருமல் நின்றதா? ஈரக் காலுறையோடு தெருத்தெருவாக அலையாதே என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன், நீ கேட்கிற மாதிரி தெரியவில்லை.

போன வாரம் முழுவதையும் நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திங்கள்கிழமை துணி துவைத்தது, செவ்வாய்க்கிழமை மழையில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு கதவு விடாமல் தட்டியது, ஒரே ஒரு கிழவி கதவைத் திறந்து, சாமியெல்லாம் அப்புறம், முதலில் இந்த பல்பை மாட்டிவிட்டுப் போங்கள் என்றது, இதையெல்லாம் படித்துச் சிரித்தேன். புதன்கிழமை நீங்கள் நடத்தும் இலவச ஆங்கில வகுப்புக்கு லாரி டிரைவர் ஒருத்தர் மட்டும் வந்தாராமே, அவர் நல்லா இருக்கட்டும். வியாழக்கிழமைக்கு வந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. மெக்கானிக் ஒருத்தன் சாப்பிட வாருங்கள் என்று வீட்டுக்குக் கூப்பிட்டு, காப்பி டீ கூடத் தொடாத பிள்ளைகளுக்குப் பழச்சாறில் சாராயத்தை ஊற்றிக் கொடுத்து, நீ ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பி அழுததையும் உன் கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்ததையும் அவன் சிநேகிதர்கள் செல்போனில் பிடித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நீ அறையை விட்டு வெளியே வரவில்லை, உன்னைத் தனியாக விடக்கூடாது என்று நெட்டையும் உன் கூடவே உட்கார்ந்திருந்தான். அந்தப் பிள்ளைக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று அந்த மெக்கானிக்கை மன்னித்துவிட்டேன் என்று சொன்னாயாம். சரி, அது உன் வேலை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர்கள் இணையத்தில் போட்ட அந்த வீடியோ கைமாறிக் கைமாறி இங்கே வந்துவிட்டது. அதே ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா தன் வீட்டில் விருந்து வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில், நம்ம பிள்ளை டிவியில வர்றான் பாருங்க என்று செல்போனைப் பெரிய திரையில் இணைத்தார். நீ கையில் கிளாஸோடு வெள்ளைச் சட்டையும் டையுமாக உட்கார்ந்திருக்கிறாய், யாரோ உன் தோளில் கை போட்டுக் கூத்தடிக்கிறான், குடிக்கிறாய், அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது. "மனசு மாத்தப் போனவன் மப்புல கிடக்கான்" என்று பெரியப்பா சொன்னாரோ இல்லையோ, வீடே குலுங்கிச் சிரித்தது. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் இன்னும் வராத நேரம் அது, எனக்கு என்ன தெரியும்? நீ மார்மன் என்கிற அந்தக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, சாராயம் தொடமாட்டேன் என்று சொல் கொடுத்து ஊழியத்துக்குப் போனது எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் நீ சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை என்று அங்கேயே எழுந்து நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்று இரவெல்லாம் பொருமினேன்.

மறுநாள் உன் கடிதம் மின்னஞ்சலில் வந்ததும் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். பிள்ளையை ஏமாற்றியிருக்கிறார்கள், அவன் துப்பியிருக்கிறான், அழுதிருக்கிறான், நேற்று வந்தவர்களிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் தெரியும்மா, முழு வீடியோவும் எங்கிட்ட இருக்கு. துப்பறது அழறது எல்லாம் போட்டா தமாஷ் போயிடும்னு நான்தான் வெட்டிட்டேன்." வெட்டினாராம். உன் அழுகையை அவர் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார், கண்ணு. போனை வைத்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதை விடுவதில்லை என்று.

அதிக நாள் காத்திருக்கவில்லை. அந்த வாரமே வியாழக்கிழமை நான் ரயில் நிலைய மாடியில் அறிவிப்பு மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீழே மூன்றாம் நடைமேடையில் மஞ்சள் தொப்பியோடு பெரியப்பா நிற்கிறார். அவர் ஆபீஸ் ஆட்கள் மொத்தமும் சுற்றுலாவுக்குக் கிளம்பியிருக்கிறார்கள், இவர்தான் தலைவர், விரலை நீட்டி நீட்டி அதட்டிக்கொண்டிருந்தார். நான் ரயில் தாமதத்தை அறிவித்து முடித்தேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மூன்றாம் நடைமேடையில் மஞ்சள் தொப்பி அணிந்து நிற்கும் பெரியவரே, வெளிநாட்டில் ஒரு பிள்ளையை ஏமாற்றிச் சாராயம் கொடுத்த வீடியோவில் அவன் அழுததை வெட்டி எறிந்துவிட்டு, அவன் குடிகாரன் என்று விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டிச் சிரித்தவர் நீங்கள், அந்தப் பிள்ளை உங்கள் கூடப்பிறந்த தம்பியின் மகன், நன்றி என்றேன். எல்லா அறிவிப்பையும் போல இதையும் இரண்டாம் முறை சொன்னேன், அதே குரலில், ஒரு எழுத்து பிசகாமல்.

நடைமேடை முழுக்க அவர் பக்கம் திரும்பியது. தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்தார், அதற்குள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. அவர் ஆபீஸ் பெண் ஒருத்தி ஏதோ கேட்டாள், இவர் ரயில் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார், அவள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். அது போதும் எனக்கு. பிறகு அவர் படியேறி வந்து என் அறைக் கதவை இடித்து, "பைத்தியமா உனக்கு? இறங்கி வந்து மன்னிப்புக் கேளு!" என்று கத்தினார். ரயில் வந்துவிட்டது, போய் ஏறுங்கள் என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.

நிலைய அதிகாரி நல்ல மனுஷன், ஆனால் அவருக்கும் வேறு வழியில்லை. மைக்கை என்னிடமிருந்து எடுத்துவிட்டார், இனிமேல் திரும்பத் தர மாட்டார்களாம். இப்போது தொலைந்த பொருள் அறையில் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறேன். யாரோ சின்னப் பெண் இப்போது அறிவிக்கிறாள், ஊர்ப் பெயர்களை மென்று விழுங்குகிறாள். அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். போகட்டும்.

அப்பா என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத மனுஷன் இல்லையா? சொன்னதைக் கேட்டுவிட்டுப் பல்செட் செய்யும் தன் பட்டறைக்குள் போனார். பெரியப்பாவின் பழைய பல்செட் ஆடுகிறது என்று புதிது செய்துகொண்டிருந்தார், முக்கால்வாசி முடிந்திருந்தது. அதை எடுத்து அலமாரியின் கடைசித் தட்டில் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, "நிறைய ஆர்டர் வந்திருக்கு, அண்ணனுக்கு இப்போதைக்கு ஆகாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனை எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

நேற்று பெரியப்பா போன் செய்தார். வீடியோவை அழித்துவிட்டாராம், குடும்பத்துக்குள் எதற்கு இதெல்லாம், வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் என்றார். வருகிறோம், அன்றைக்கு வந்த அத்தனை பேரையும் கூப்பிடுங்கள், அதே டிவி முன்னால் நின்று நான் வெட்டினேன் என்று சொல்லுங்கள், பிறகு சாப்பிடலாம் என்றேன். போனை வைத்துவிட்டார். வைக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

அந்த மெக்கானிக்கின் விலாசத்தை அனுப்பு என்று கேட்டால் நீ அனுப்ப மாட்டாய், நெட்டையிடம் கேட்டாலும் சொல்லமாட்டான். அவன் தப்பித்தான். இனிமேல் யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், ஒன்று நெட்டைக்கு. அவன் அம்மாவுக்கு நான் விசாரித்ததாகச் சொல்லச் சொல்.

நீ எந்தக் கதவைத் தட்டினாலும் நல்லவர்கள் திறக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு, போன பிள்ளை முழுசாக வீடு வந்து சேர வேண்டும். இன்று இரவு முழங்காலில் நிற்கும்போது பெரியப்பாவுக்காகவும் நீ வேண்டிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். வேண்டிக்கொள், நான் தடுக்கவில்லை. ஆனால் என்னை மன்னிக்கச் சொல்லி மட்டும் உன் கடவுளிடம் கேட்டுவிடாதே. நான் கேட்கவில்லை.

உன் அம்மா