இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

ஹாமில்டன், மொன்டானா
அக்டோபர் 11, 1987

அன்புள்ள சோல்வேக் அக்காவுக்கு,

மார்லிஸ் எழுதுகிறேன். இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் கைத்தடி இல்லாமல் நடக்கிறீர்கள் என்று உங்கள் மகன் எழுதியிருந்தான். படித்ததும் நிம்மதியாக இருந்தது. டுலூத்தில் இதற்குள் ஏரிக்காற்று தொடங்கியிருக்கும், படி இறங்கும்போது கவனம். இங்கே மலை உச்சிகளில் வெள்ளை விழுந்துவிட்டது. விறகு அடுக்கியாயிற்று. ஹக்கிள்பெர்ரி ஜாம் இரண்டு பாட்டில் தனியாகப் பார்சலில் வருகிறது. ஒன்றில் மூடி சரியாக இறுகவில்லை, அதை முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, உங்கள் தம்பி ஓரின் இப்போதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கிறார். நான் பேசுவது அவர் காதில் விழ வேண்டாம் என்றுதான் கடிதம்.

அவருடைய துப்பாக்கிப் பைத்தியம் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான புதிதில், கடையில் நல்ல துப்பாக்கி கிடைக்கும்போது இரண்டு வருடம் உட்கார்ந்து ஏன் ராவ வேண்டும் என்று கேட்டேன். "ஃபேக்டரிக்காரன் சராசரி ஆளுக்குச் செய்யறான் மார்லிஸ். அப்படி ஒரு ஆள் உலகத்துலயே கிடையாது. என் கழுத்து நீளம், கை நீளம். நான் ஏன் துப்பாக்கிக்காகக் குனியணும்? அது எனக்காக நிமிரட்டும்" என்றார். துப்பாக்கி செய்யும் நண்பர்களின் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். லைல் பிரெக்கன் உங்களுக்கு நினைவிருக்கும், தபால் நிலையத்தில் இருந்தவர். சொந்தமாகச் செய்தால் மலிவு என்பது பெண்டாட்டியிடம் அனுமதி வாங்கச் சொல்லும் பொய் என்பார் அவர். "ஒவ்வொரு ஸ்க்ரூவும் நான் போட்டது. குறி தப்பினா திட்டறதுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கான், அவனையும் எனக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பார். குழலை ஓரிடத்தில் வாங்கி, விசையை இன்னோரிடத்தில் வாங்கி, கட்டையை மட்டும் மாதக்கணக்கில் தன் தோளுக்கும் கன்னத்துக்கும் இழைத்து எடுப்பார்கள். நான் துணி தைக்கிறவள், எனக்கு அது புரிந்தது. கடைச் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தானே.

எங்கள் மகள் பிரிட்டா இடது கைக்காரி. அவளுக்குப் பதினான்கு வயது நிறையும்போது இடது தோளுக்கு ஒன்று செய்து தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வால்நட் பலகைகூட வாங்கி வைத்திருந்தார். ஆனால் அந்தக் கோடையில் தன்னுடையதை முதலில் முடித்தார். இதை நான் ஆறு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருட வேட்டைக்கு அவள் எடுத்துப் போனது இரவல் வாங்கிய ஃபேக்டரித் துப்பாக்கி. வலது கைக்காரர்களுக்கானது. மானைச் சுட்டாள், குண்டு பின்தொடையில் பட்டு அது ஓடிவிட்டது. "காயப்பட்டதை விட்டுட்டு வரக் கூடாது. நீ ரத்தத்தைப் பாத்துக்கிட்டே போ, நான் மேட்டைச் சுத்தி வந்து மறிக்கிறேன்" என்று இவர்தான் அனுப்பினார். அரை மணி நேரத்தில் பனி பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்த தேடல் உங்களுக்குத் தெரியும். நீங்களும் வந்திருந்தீர்கள். ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை.

ஐந்து வருடம் உங்கள் தம்பி பட்டறைக் கதவைத் திறக்கவில்லை. இந்த வசந்தத்தில் அந்த வால்நட் பலகையைக் கீழே இறக்கினார். அரத்தின் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கொடுத்த வாக்கை இப்போதாவது முடிக்கட்டும், மனம் ஆறும் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கட்டை கிட்டத்தட்ட உருவாகியிருந்தது. பழக்கதோஷத்தில் என் அளவு நாடாவை அதன்மேல் வைத்தேன். அவளுக்கு நான் தைத்த ஒவ்வொரு சட்டையின் கையளவும் எனக்கு மனப்பாடம். இந்தக் கட்டை பதினான்கு வயதுக்காரிக்கு ஆகாது. என்னைவிட அரையடி உயரமான, நீண்ட கையுள்ள ஒரு பெண்ணுக்கானது. இது யாருடைய அளவு என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. "அவளோடதுதான். அளந்தேன்" என்றார்.

ஊகித்தேன் என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அளந்தேன் என்றார் அக்கா.

ஆகஸ்டில் லைல் வந்தார். ஓரின் பஸ் டெப்போவில் வேலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். சுடும் மைதானத்துக்கு ஓரின் அந்தத் துப்பாக்கியைக் கொண்டுவருகிறாராம். மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்று, யாருக்கோ சொல்லிக்கொடுப்பதுபோல, "மெதுவா. மூச்சை விடு. அவசரமே இல்ல" என்று பேசுகிறாராம். துக்கம் மனிதனை என்னென்னவோ செய்யும் என்று லைல் விட்டுவிட்டார். ஒரு நாள் தன் வண்டிக்குப் போய்க் காப்பி எடுத்துத் திரும்பும்போது மூன்று வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. வந்து பார்த்தால் ஓரின் அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். குறி வைத்துச் சுடும் தாளை லைல் மடித்து எடுத்து வந்திருந்தார். மூன்று ஓட்டைகளும் ஒரு காசால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன.

"மரம் அறுக்கற மில்லுல தெறிச்ச இரும்புத்தூள்ல ஓரினுக்கு இடது கண்ணே மங்கல், உனக்குத் தெரியும். அந்தக் கட்டை வலது தோள்ல உக்காரவே உக்காராது, நான் வச்சுப் பாத்துட்டேன். அப்புறம் யார் சுட்டது மார்லிஸ்?" என்று கேட்டார். போகும்போது தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். எடுத்துப் போக விருப்பமில்லாததுபோல இருந்தது.

மறுநாள் மதியம் நான் பட்டறைக்குப் போனேன். நல்ல வெயில். ஜன்னல் வழியாக வெளிச்சம் நேராகக் கட்டைமேல் விழுந்துகொண்டிருந்தது. ஆளிவிதை எண்ணெய் பூசி ஒரு நாள்கூட ஆகியிருக்காது, இன்னும் பிசுபிசுப்பு. கன்னம் பதியும் இடத்தில் பளபளப்பு கலைந்து ஒரு தடம் இருந்தது. அதன் ஓரத்தில் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒரு மயிர். நீளமாக, வைக்கோல் நிறத்தில். என் தலை நரைத்து, முடியைக் குட்டையாக வெட்டிப் பத்து வருடமாகிறது. உங்கள் தம்பிக்கு வழுக்கை. நான் அதைத் தொடவில்லை. கதவை எப்படி இருந்ததோ அப்படியே சாத்திவிட்டு வந்து ரொட்டி மாவு பிசைந்தேன்.

போன ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னார். "அவ பிடிவாதக்காரி, உனக்குத் தெரியாதா? தொடங்கினத முடிக்காம வீட்டுக்கு வர மாட்டா. அந்த இரவல் சனியன வச்சுக்கிட்டு ஆறு வருஷமா அந்த மான் பின்னாலேயே நடக்கிறா. சரியானது ஒண்ணு கையில இருந்தா ஒரே ஒரு குண்டு போதும். வேட்டை சீசன் தொடங்கற அன்னிக்கு மேலே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு அவளுடைய சிவப்புக் கம்பளிச் சட்டையை எடுத்து வந்து என் மடியில் போட்டார். கையை நீட்டித் தைக்க வேண்டுமாம். எவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தார்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். பாதிரியாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நீங்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள். நான் நூலை எடுத்தேன் அக்கா. உள்மடிப்பில் துணி இருந்தது, அவள் வளர்வாள் என்று நானே விட்டு வைத்தது. இரண்டு கையையும் பிரித்து நீட்டித் தைத்து, இஸ்திரியும் போட்டுவிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி அவர் மலைக்குப் போகிறார். வந்துவிடுகிறேன் என்று சொன்னாலும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் தையல் பெட்டியில் வைத்திருக்கிறார். அவரை நான் தனியாக விடப் போவதில்லை. இதை ஒருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் தம்பிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்.

உங்கள்,
மார்லிஸ்


அக்டோபர் 30, 1987

அன்புள்ள சோல்வேக் அக்காவுக்கு,

தந்தி கிடைத்தது. நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம், நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்றே சொல்லலாம்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் ஏறினோம். முழங்கால் வரை பனி, காற்றே இல்லை. அவள் ரத்தத் தடத்தைப் பார்த்துப் போன அதே மேட்டில், ஒரு ஃபிர் மரத்தில் உங்கள் தம்பி துப்பாக்கியைச் சாய்த்து வைத்தார். சிவப்புச் சட்டையைக் கிளையில் மாட்டினார். ஒரு தோட்டாவை அதன் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். பிறகு "நீ கீழே போ, நான் கொஞ்சம் இருந்துட்டு வர்றேன்" என்றார். இந்த மலைக்கு ஒருவரைக் கொடுத்தது போதும், நீங்கள் இல்லாமல் நான் இறங்க மாட்டேன் என்றேன். அவர் கேட்பதாயில்லை. நான் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் மரத்துப் போகும்வரை எழவில்லை. கடைசியில் அவர்தான் கை கொடுத்து எழுப்பினார். என்னோடு இறங்கினார்.

வண்டியருகே வந்து பிளாஸ்கைத் திறக்கும்போது மேலே ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. சீசன் தொடங்கும் நாள், மலையெங்கும் ஆட்கள் இருப்பார்கள், யாராகவும் இருக்கலாம். உங்கள் தம்பி தொப்பியைக் கழற்றினார். மேலே போய்ப் பார்க்கலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று மணிக்குப் படுத்தவர் மறுநாள் காலைதான் எழுந்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

விஷயம் தெரிந்ததும் லைல் என்னைத் திட்டினார். துப்பாக்கியையும் தோட்டாவையும் காட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டா, எடுத்து வருகிறேன் என்று திங்கள்கிழமை காலை ஏறினார். மதியம் திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றபடி சொன்னார். மரத்தடியில் துப்பாக்கி இல்லை. சட்டையும் இல்லை. புதுப் பனி விழவில்லை, நாங்கள் ஏறி இறங்கிய கால்தடம் அப்படியே இருக்கிறதாம். மூன்றாவதாக ஒரு தடம் இல்லையாம். அறுபது தப்படி தள்ளி ஒரு கிழட்டு ஆண் மான் கிடந்தது. தோளுக்குப் பின்னால் ஒரே குண்டு, துடித்த அடையாளம்கூட இல்லை. பின்தொடையில் பழைய குண்டுக் காயம் ஒன்று ஆறித் தழும்பாகி இருந்தது. தகவல் சொன்னதும் வந்து பார்த்த வேட்டைத் துறை ஆள், யாரோ சுட்டுவிட்டு விட்டுப் போயிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனாராம். இந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்கு வரப் போவதில்லை என்று சொல்லிவிட்டு லைல் கிளம்பினார்.

உங்கள் தம்பி நேற்று பட்டறையைப் பெருக்கினார். இன்று முழுவதும் முன்வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டு, திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடி அறையின் விரிப்பை மாற்றினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அவளுக்கு எங்களைவிட உங்களிடம்தான் ஒட்டுதல் அதிகம். கோபம் வந்தால் டுலூத்துக்குப் போய்விடுவேன் என்றுதான் மிரட்டுவாள். அதனால் ஒன்று கேட்கிறேன், என்னைப் பைத்தியக்காரி என்று நினைக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் உங்கள் கதவைத் தட்டினால் பெயர் கேட்காதீர்கள். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்றும் கேட்காதீர்கள். அடுப்படியில் உட்கார வைத்து, சூடாக ஏதாவது கொடுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை, அவளுக்கு எங்கள்மேல் இருக்கிறதா என்று மட்டும் தெரியாது என்று சொல்லுங்கள். கர்த்தர் உங்களையும், வழியில் நடக்கிற எல்லாரையும் குளிரிலிருந்து காக்கட்டும்.

உங்கள்,
மார்லிஸ்