திருப்பிச் சுற்றிய விசிறி

நேற்று மாலை ஷிஃப்ட் முடிந்து டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டி வரும்போது, சாலையோரம் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஆவி பறந்தது. அருகே போனதும் அந்த வாசனை. கூலன்ட் கொதித்தால் வருமே, வெல்லப் பாகு லேசாக அடிப்பிடித்தது போல. காரின் சொந்தக்காரர் யாரையோ போனில் கூப்பிட்டுவிட்டிருந்தார், என் உதவி அவருக்குத் தேவைப்படவில்லை. இருந்தும் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், மச்சான்.

உன் அக்காவை நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நீ என்னை மாமா என்றாய். வயதில் எனக்கும் உனக்கும் ஒரு வருடம்கூட முழுதாக வித்தியாசமில்லை. நான் சுரங்கத்தில் பர்மனென்ட் எலெக்ட்ரீஷியன். நீ அதே சுரங்கத்தில் லாரிகளைப் பார்க்கும் காண்ட்ராக்ட் மெக்கானிக். இந்த ஊரில் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புதுச்சேரியில் யாரோ ஷெட்டில் போட்டு வைத்திருந்த அந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை நீ கட்டி இழுத்து வந்தபோது அதில் இன்ஜினே இல்லை. விபத்தில் நொறுங்கிய வேறொரு காரின் டர்போ இன்ஜினை வாங்கி, எங்கள் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில் ஐந்து மாதம் உட்கார்ந்து அதில் பொருத்தினாய். பெரிய இன்ஜின் போனதும் முன்னால் இடம் போதவில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் மெல்லிய எலெக்ட்ரிக் விசிறி ஒன்றை நீ மாட்டிக் கொடுத்தாய். ஒயர் இழுத்துக் கொடுத்தது நான். "சுத்துது மாமா" என்றாய். "சுத்துது" என்றேன். அதோடு சரி.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே வடலூர் தாண்டுவதற்குள் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரமாக நிறுத்தினோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, முள் மெல்ல இறங்கியது. நீ தலையைச் சொறிந்தாய்.

"நின்னுகினு இருந்தா நல்லா கீது, ஓடினா காய்ச்சல் வருது. இது என்னா வியாதி மாமா?"

அடுத்த இரண்டு மாதம் நீ தூங்கினாயா என்றே தெரியவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வந்து, அது சூட்டில் திறக்கிறதா என்று பார்க்க எங்கள் அடுப்பில் கொதிக்க வைத்தாய். உன் அக்கா கரண்டியோடு வந்தாள். "டேய், அது ரசம் வெக்கிற குண்டான்டா!" நீ அசையவில்லை. "தொறந்துகிச்சிக்கா, தொறந்துகிச்சி!" என்று குழந்தை மாதிரி கத்தினாய். மூன்று நாள் ரசத்தில் கிரீஸ் வாசம் அடித்தது. நாங்கள் மூவரும் குடித்தோம்.

தெர்மோஸ்டாட்டில் குற்றமில்லை. ரேடியேட்டரைக் கழுவினாய். தண்ணீர் பம்பை மாற்றினாய். இன்ஜின் ஹெட்டைக் கழற்றி கேஸ்கெட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். இன்ஜினையே இரண்டு முறை இறக்கினாய். ஒரு நாள் மட்டும் நானே கேட்டேன், "என் ஒயரிங்கையும் ஒரு தடவ பாக்கலாமாடா?"

"நீங்க கை வெச்ச எடத்த நான் எதுக்குப் பாக்கணும்?" என்றாய். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற உங்கள் பெரியப்பா ஒரு நாள் வந்தார். காரைச் சுற்றி வந்து, "காண்ட்ராக்ட்டுக்காரன் கையில இன்ஜின குடுத்தா இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நீ சாப்பிட வரவில்லை. மறுநாள் என்னிடம், "எனக்குக் கை வரல மாமா. இத குடுத்துட்டு திருப்பூரு பக்கம் போய்டலாம்னு கீறேன்" என்றாய். காரை வாங்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் வருவதாக இருந்தது.

அந்த ஞாயிறு காலை, வருகிறவருக்காக நீ கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தாய். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாள் நழுவி முன் கிரில் பக்கம் விழுந்தது. விழுந்த வேகத்தில் தெருவுக்குப் பறந்தது. நீ ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி கிரில் முன்னால் பிடித்தாய். மறுபடியும் பறந்தது.

"மாமா, காத்து உள்ள இல்ல போவணும்?"

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அந்த விசிறிக்கு இரண்டு ஒயரும் கறுப்பு. நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். விசிறி எதிர்த்திசையில் சுற்றிக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நிற்கும்போது அதுவே எப்படியோ சமாளித்தது. ஓடும்போது எதிர்க்காற்றும் விசிறிக் காற்றும் முட்டிக்கொண்டு ரேடியேட்டரில் காற்றே நுழையவில்லை.

ஒயரை மாற்றப் பத்து நிமிடம். குறிஞ்சிப்பாடி வரை போய்த் திரும்பினோம், முள் நடுவிலேயே நின்றது. ஜன்னலில் கையை நீட்டி வயல்களைப் பார்த்து நீ ஊளையிட்டாய். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் உன் அக்கா நின்றிருந்தாள். "என்னாடா ஆச்சு?"

"ரேடியேட்டரு ஓசு பைப்ப நான்தான்கா மாத்தி மாட்டி வெச்சிருந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். பிறகு தனியே சொன்னாய்: "ஒங்க வேலையே ஒயருதான். அதுலயே தப்புன்னா ஊரு சிரிக்கும். எனக்கு இது பழக்கம் மாமா." நீ காரை விற்கவில்லை, திருப்பூருக்கும் போகவில்லை. நான் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நான்கு வருடம் ஓடிவிட்டது.

போன ஆடியில் வேலைக்குக் கிளம்பிய நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரவில்லை.

உன் காரியத்தன்று பந்தலில் பெரியப்பா யாரிடமோ சொன்னார்: "தங்கமான புள்ள. அந்தக் காருலதான் கோட்ட வுட்டுட்டான்."

எழுந்து நின்றேன். "அவன் கோட்ட வுடலிங்க. தப்பு பண்ணது நான். எனக்காக அவன் பேர கெடுத்துக்கினான்." முழுக்கச் சொன்னேன். பெரியப்பா, "ஏம்பா, அவன் இருக்கும்போது சொல்லியிருந்தா நான் அவங்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருப்பேனே" என்றார். உன் அக்கா அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் காப்பி வைத்துவிட்டு, "சொன்னியே, அது போதும்" என்றாள்.

போன வாரம் கன்வேயர் மோட்டார் ஒன்று நின்றது. எஞ்சினியர் காண்ட்ராக்ட் ஆட்களைத் திட்ட ஆரம்பித்தார். முதலில் அந்த மோட்டாருக்கு நான் மாட்டிய ஒயர்ப் பெட்டியைத் திறந்தேன். ஒரு ஒயர் லூசாக இருந்தது. எல்லோர் முன்னாலும், "இது நான் போட்டதுங்க" என்றேன். அதைச் சொல்ல ஒரு மூச்சு நேரம்தான் பிடித்தது, மச்சான்.