அறுபத்தைந்து இன்ச் நீலம்

மார்ச் 4

அன்புள்ள வார்டனம்மாவுக்கு,

இங்கே நலம். நீயும் உன் விடுதியின் நூற்றிருபது பெண்களும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போன இந்த ஐந்து வருடத்தில் நான் எழுதும் முதல் கடிதம் இது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிவிக்குத்தான் ஆகிவிட்டது.

நம் பழைய பெட்டி போன செவ்வாய்க்கிழமை மூச்சை நிறுத்திக்கொண்டது. முதலில் படம் ஒரு கோடாகச் சுருங்கியது. பிறகு கோடு புள்ளியானது. அந்தப் புள்ளி மட்டும் அணைய மனமில்லாமல் வெகுநேரம் மினுங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு பஸ் டிரைவரும் நானும் அதைத் தூக்கிக் கீழே இறக்கினோம். ஒரு ஆள் கனம் இருந்தது.

தட்டையாக, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் நேரே விழாத சுவர் ஒன்றுதான் உண்டு. அங்கே உன் புத்தக அலமாரி நிற்கிறது. நகர்த்தலாமா? உன் பொருள். கேட்காமல் கை வைக்க மனசு வரவில்லை.

போனில் கேட்டிருக்கலாம்தான். போனில் நாம் இரண்டு பேரும் 'அப்புறம்', 'அப்புறம்' என்று சொல்லியே வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பல்லு சார்
(கீழ்வீட்டில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்)


மார்ச் 11

அன்புள்ள பல்லு சாருக்கு,

கடிதம் வந்தது. இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் நீங்கள் எனக்கு எழுதிய மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் பால் பாக்கெட்டுக்கு அடியில் வைத்த துண்டுச்சீட்டுகள். ஆபீஸ் பெண் உறையைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "வீட்டுக்காரரா மேடம்?" என்றாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

அலமாரியைத் தாராளமாக நகர்த்துங்கள். படுக்கையறையில் போடலாம். புத்தகங்களை இறக்கிவிட்டுத் தூக்குங்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த வீட்டில் டிவி பார்த்தவள் நான். நீங்கள் மேஜை விளக்கடியில், லேபிலிருந்து கொண்டுவந்த யாருடைய பொய்ப்பல்லையோ ராவிக்கொண்டிருப்பீர்கள். இத்தனை வருடம் கழித்து எங்கிருந்து வந்தது இந்த ஆசை? சரி, வாங்குவதானால் முப்பத்திரண்டு இன்ச் போதும். கூடமே பத்தடிதான்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வார்டன்


மார்ச் 20

அன்புள்ள வார்டனம்மாவுக்கு,

வாங்கியாயிற்று.

கடையில் ஒரு முழுச் சுவரும் டிவிதான். முப்பது திரையிலும் ஒரே பூ, ஒரே நேரத்தில், மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்தது. பூ முடிந்ததும் முப்பதிலும் கடல். நான் உள்ளே போன காரியத்தை மறந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. விற்பனைப் பெண். இனிமையான குரல்.

"எவ்ளோ தூரத்துல உக்காந்து பார்ப்பீங்க சார்?"

"கூடம் பத்தடி."

"அப்போ நாப்பத்தி மூணு போதும் சார். தாராளமா தெரியும்."

"அதுக்குப் பக்கத்துல இருக்கறது?"

"அது அம்பத்தஞ்சு."

"அதுக்கும் பக்கத்துல?"

அவள் சிரித்துவிட்டாள். "வீட்ல எத்தனை பேரு சார்?"

"ஒருத்தர்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. மேற்கொண்டு தடுக்கவும் இல்லை. அறுபத்தைந்து வாங்கினேன்.

மூன்றாவது மாடிக்கு ஏற்றியதுதான் பெரிய கூத்து. டிரைவர் பஸ்ஸைத் திருப்புவது போலவே படியில் அதைத் திருப்பினார். "ரைட்ல ஒடிங்க பல்லு சார், இன்னும் கொஞ்சம், போதும் போதும்" என்று அவர் கத்த, இரண்டாம் மாடிக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மாட்ட வந்தவர், "இப்போ கடையில ஓடற டெமோதான் சார் ஓடுது, மாத்திடட்டுமா?" என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கூடத்தில் பூ விரிந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
பல்லு சார்


மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

அறுபத்தைந்தா? அது நம் வீட்டுக் கதவைவிட அகலமாயிற்றே. எங்கள் விடுதியில் நூற்றிருபது பேருக்கு ஐம்பதுதான். அதிலும் ரிமோட்டுக்கு அடிதடி. போன ஞாயிற்றுக்கிழமை நான் ரிமோட்டைப் பிடுங்கி என் பீரோவில் பூட்டினேன். ஒரு பொல்லாதவள் போனிலேயே சேனல் மாற்றிக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அது கிடக்கட்டும். அது என்ன கையெழுத்து? எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுகிறவர் நீங்கள். இந்தக் கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் இருக்கிறது. கடைசி வரி ஓரத்தைத் தாண்டிப் போய் பாதி வார்த்தை காணோம். அவசரத்தில் எழுதினீர்களா?

என்ன பார்க்கிறீர்கள் அதில்? பல் லேபிலிருந்து வருவதற்குள் பொழுது போய்விடுமே.

இப்படிக்கு,
வார்டன்


ஏப்ரல் 9

அன்புள்ள வார்டனம்மாவுக்கு,

லேபுக்குக் கொஞ்ச நாள் லீவு போட்டிருக்கிறேன். அதனால் பகல் முழுக்க வீடுதான்.

நான் பார்ப்பது டெமோ. நீ சிரிப்பாய். முதலில் அந்தப் பூ. பிறகு யாரோ மேலேயிருந்து தூவுகிற மாதிரி கலர் பொடி, மஞ்சளும் சிவப்பும், விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. பிறகு ஒரு மலைமேல் மேகம் நகரும். கடைசியில் ஜெல்லி மீன்கள். குடையை விரித்து மடக்குவது போல விரிந்து மடங்கி, எங்கேயும் போகிற அவசரம் இல்லாமல் மேலே போகும். அவற்றைச் சுற்றி ஒரு நீலம். அந்த நீலம் வரும்போது கூடமே நீலமாகிவிடும். சுவர், நாற்காலி, என் கை, டீ டம்ளர் எல்லாம். நாற்காலியைத் திரைக்கு நாலடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வீடு தண்ணீருக்கடியில் இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். மூச்சு முட்டாது. ஆறு நிமிஷத்தில் மறுபடி பூ வந்துவிடும்.

ஒரு நாள் டிரைவரின் மனைவி வந்து பார்த்தாள். "என்ன சார், கதையே இல்லாம ஓடுது?" என்றாள். "கதை இருந்தா ஆளுங்க வருவாங்கம்மா" என்றேன்.

ஆட்கள் பேசுகிற சேனல் எனக்கு ஒத்துவரவில்லை. பொடிக்கும் மீனுக்கும் மூஞ்சி கிடையாது பார்.

இப்படிக்கு,
பல்லு சார்


ஏப்ரல் 17

உங்களுக்கு,

உங்கள் லேப் முதலாளிக்குப் போன் செய்தேன். நீங்கள் சொல்லவில்லை, அதனால் நானே கேட்டுக்கொண்டேன். ஜனவரியிலிருந்தே நீங்கள் வேலைக்குப் போகவில்லையாம். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நீங்கள் செய்த முன்பல் பக்கத்துப் பல்லோடு நிறம் சேராமல் திரும்பி வந்ததாம். அடுத்த வாரம் இன்னொன்று. பல்லின் பதினாறு வித வெள்ளையையும் விளக்குப் போடாமல் பிரித்துச் சொல்கிற மனிதர் என்று இரண்டு தடவை சொன்னார். "அவரே ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வச்சிட்டுப் போயிட்டாரும்மா. நான் போகச் சொல்லல" என்றார்.

பெரிய எழுத்து. நாலடி தூரம். மூஞ்சி இல்லாத படம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்களுக்கு எவ்வளவு தெரிகிறது?

வார்டன்


ஏப்ரல் 26

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதத்தை எழுத ஐந்து நாள் ஆயிற்று.

இரண்டு கண்ணிலும் நடுப்பாகம் போய்க்கொண்டிருக்கிறது. ஓரம் இருக்கிறது. கண் டாக்டர் ஊசி போடுகிறார். போனது திரும்பாது, இருப்பதை இழுத்துப் பிடிக்கலாம் என்கிறார். எதை நேராகப் பார்க்கிறேனோ அதன்மேல் யாரோ ஈரக் கட்டைவிரலை வைத்து அழுத்தின மாதிரி ஒரு மங்கல். பார்வையைத் திருப்பினால் அதுவும் கூடவே வரும். பல்லைப் பார்த்தால் பல் இருக்காது, அதைப் பிடித்திருக்கிற விரல்கள் இருக்கும்.

பழைய டிவியில் அந்த மங்கல் படம் முழுவதையும் மூடிவிட்டது. அது நின்றுபோனதில் எனக்கு நிம்மதிதான். கடையில் அந்தப் பெரிய திரைக்கு முன்னால் நின்றபோது மங்கலைச் சுற்றி நாலா பக்கமும் பூ இதழ் வழிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒன்றை முழுசாகப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? பேசாமல் வாங்கிவிட்டேன்.

உனக்கு ஏன் எழுதினேன் என்றால், எழுத முடிகிற வரைக்கும் எழுதிவிடலாம் என்றுதான். அலமாரி ஒரு சாக்கு.

பரிதாபப்பட்டுக் கிளம்பி வந்துவிடாதே. சமைக்கத் தெரியும், படி ஏறத் தெரியும். டிரைவர் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

உன்,
பல்லு சார்


மே 24

அன்புள்ள உங்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். விடுமுறை முடியாததால் விடுதி காலியாக இருக்கிறது. நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே பின்னால் வருகிறது.

வராதே என்றீர்கள். பத்து நாள் வந்து இருந்துவிட்டேன். இரண்டு பேரும் நிறையப் பேசிவிடவில்லை. உங்கள் மீன்களோடு இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் எனக்கு அந்த நீலத்திலேயே தூக்கம் வந்தது. நாற்காலியில் அப்படித் தூங்கி எத்தனையோ வருடம் ஆகிறது. எழுந்தபோது என்மேல் போர்வை இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சினிமா போட்டோமே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். உங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். நான் பார்த்துச் சொல்ல, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பாதிப் படத்தில் பேச்சே இல்லாமல் ஒரு காட்சி வந்தது.

"இப்ப என்ன நடக்குது?" என்றீர்கள்.

"அந்தப் பொண்ணு ஜன்னல் கிட்ட நிக்கிறா."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"சும்மாதான் இருக்கு."

"சும்மான்னா?"

நான் நன்றாகப் பார்த்தேன். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் பார்த்திருக்க மாட்டேன். "கோபமா இருக்கற மாதிரி இருக்கு. கோபம் இல்ல. என்ன ஏதுன்னு யாராவது ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களான்னு நிக்கிறா."

"அவ புருஷன் எங்க?"

"பின்னாடிதான் உக்காந்திருக்கான்."

"கேக்கலையா?"

"இல்ல."

படத்தில் அந்தப் பெண் போய்விட்டாள், கதவு சாத்தியது, வேறு காட்சி வந்துவிட்டது. நீங்கள் அதற்கப்புறம்தான் சொன்னீர்கள்: "கேட்டிருக்கணும்."

படத்தைத்தான் சொன்னீர்களோ என்னவோ. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து டீ போடப் போனேன். அடுப்படியில் ரொம்ப நேரம் நின்றேன்.

இன்று காலை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பரிதாபம் என்று நினைத்தால் அது உங்கள் பாடு. எனக்கு எதிரே ஒரு ஆள் 'மூஞ்சி எப்படி இருக்கு' என்று கேட்டது இதுதான் முதல் தடவை. மறுபடி கேட்பார்களா என்று பார்க்க வருகிறேன். ஜூன் இருபத்தாறு மாலை அங்கே இருப்பேன். ஊசி தேதியைத் தள்ளிப்போட வேண்டாம், டிரைவரோடு போய்விட்டு வாருங்கள்.

உங்கள்,
நான்


ஜூன் 23

அன்புள்ள உனக்கு,

இந்தக் கடிதம் உன் விடுதிக்குப் போய்ச் சேரும்போது நீ இங்கே இருப்பாய். கணக்குப் போட்டுத்தான் அனுப்புகிறேன். ஆபீஸ் பெண் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்காவது போட்டு வைப்பாள். நீ படிக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உன் எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்கு இன்னும் வாய் வராது.

நேற்று டிரைவர் ரிமோட்டில் எதையோ அழுத்த, டெமோ போய்விட்டது. மீன், பொடி, மேகம் ஒன்றும் இல்லை. அவர் பதறிப்போய், "மறுபடி கொண்டாந்துடலாம் பல்லு சார்" என்று அரை மணி நேரம் தட்டினார். வரவில்லை. அவர் போன பிறகு திரையை அணைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். கருப்பில் கூடம் தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, வெளியே ஏதோ துணி காற்றில் ஆடியது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆறு நிமிஷத்துக்கு மேலும் இருந்தது.

நீ வந்திருந்த பத்து நாளில் ஒன்று கவனித்தேன். நீ பேசும்போது உன்னை நேராகப் பார்த்தால் உன் காது இருக்கும், கழுத்து இருக்கும், நாற்காலியின் கைப்பிடி இருக்கும். நீ இருக்க மாட்டாய். கண்ணை அப்படியே ஜன்னல் பக்கம் நகர்த்தினால் ஓரத்திலிருந்து நீ வந்துவிடுவாய். நெற்றி, மூக்கு, பேசும்போது நீ வாயை ஒரு பக்கமாக இழுப்பது, எல்லாம். ஒரு தடவை நீ பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். அப்போது நீ முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இனிமேல் தினமும் இப்படித்தான் இருக்கும். நீ பேசிக்கொண்டிருப்பாய், நான் உன்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன். நிறுத்திவிடாதே. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்,
பல்லு சார்